யார் பக்கத்து மரபணு?

எனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய், என்று தெரிந்த அன்று அம்மாவும் அப்பாவும் அழுதார்கள். புது மருந்துக்கு முன் மரபணுச் சோதனை வேண்டும் என்ற அன்று சண்டை பிடித்தார்கள்.

அப்பா யாழ்ப்பாணத்துச் சைவ சமயம். அம்மா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கம். காதலித்துக் கட்டியவர்கள்தான். ஆனாலும் யார் குடும்பம் திறம் என்ற வழக்கு எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் இன்னும் தீரவில்லை.

முதலில் எனக்கு ஊசி போட்டார்கள். அதே ஊசியோடு, கிளினிக்கில் கண்ட ஒரு தெஹிவளைப் பெண் சுகமாக வேலைக்குப் போய் வந்தாள். எனக்கோ இடது கால் இழுபட்டுக்கொண்டே போனது. டொக்டர் ஊசியை நிறுத்தி, விழுங்கும் குளிசைக்கு மாற்றப் பார்த்தார்.

“இந்தக் குளிசையை ஈரல்தான் உடைக்க வேணும். சில பேருக்குப் பிறவியிலேயே அந்த வேலை மெதுவா நடக்கும், மருந்து உடம்பில தேங்கிப்போடும். அவைக்கு அளவைக் குறைப்பம். சிலருக்குக் குடுக்கவே ஏலாது. அதால முதல்ல ஜீனைப் பாப்பம்.”

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

“குளிக்கப் போனா ஒரு மணித்தியாலம் எடுக்கிற மனுசன்ட மகள்தானே,” என்றார் அம்மா.

“உம்மட ஆக்கள் ஞாயிறு பூசைக்குப் போறதே முடியிற நேரத்திலதான்,” என்றார் அப்பா.

முடிவு வாங்க நான் தனியாகப் போனேன். அம்மா ஒன்று, அப்பா ஒன்று தந்த இரண்டு ஜீன் பிரதிகளில் ஒன்று சாதாரணம், மற்றது மெதுவானது. அதனால் குளிசை பாதி அளவு. மெதுவானது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். “அது எனக்குத் தேவையில்லை, உங்களுக்கும் தேவையில்லை,” என்றார் டொக்டர்.

எனக்குத் தேவைப்பட்டது. அம்மாவிடம் இரகசியமாய், “அப்பான்ட பக்கமாம், தெரிஞ்சால் மனுசன் உடைஞ்சுபோவார்,” என்றேன். அப்பாவிடமும் அதையே சொன்னேன், ஆளை மட்டும் மாற்றி.

வீடு சொர்க்கமானது. அம்மா மீன் தலையை அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அப்பா சந்தைப் பையை மாடிக்குச் சுமந்தார். இருவர் முகத்திலும் மன்னித்தவர்களின் பெருமை.

அடுத்த கிளினிக்குக்கு இருவரும் வந்தார்கள்.

“இவவைக் குறை சொல்லாதேங்கோ டொக்டர், பிறப்பு அப்பிடி,” என்றார் அப்பா.

“என்னையோ? உங்களையெல்லோ!”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய மூளைப் படத்தைப் படித்தேன்.

“உங்க ரெண்டு பேரையும் சோதிக்காமல் அது யாற்ற பக்கமெண்டு ஒருத்தராலும் சொல்லேலாது,” என்றார் அவர்.

அம்மா உடனே கையை நீட்டினார். அப்பா சட்டைக் கையை மடித்தார்.

“மருந்து உங்கட மகளுக்கு. நீங்க ரெண்டு பேரும் வீட்டை போங்கோ.”

இரண்டு நாள் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. தங்களுக்குள் மட்டும் என்னைத் திட்டித் திட்டி ஒற்றுமையாய் இருந்தார்கள்.

பாதிக் குளிசை எனக்கு ஒத்துவந்தது. கால் பழையபடி திரும்பவில்லை, ஆனால் இதுவரை மோசமாகவுமில்லை. போன ஞாயிறு பின்னேரம் தடியை ஊன்றித் தனியாகக் கடற்கரை ரயில் பாதை வரை நடந்தேன். பின்னால் இரண்டு பேர் மதில் மதிலாக ஒளிந்து வந்ததை நான் காணாத மாதிரியே நடந்தேன்.