உப்புத் தட்டும் ஒரு பிடி நெல்லும்

செடிகளைச் சாகடிக்க மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். திருவனந்தபுரத்தில் ஒரு விவசாய ஆராய்ச்சிக்கூடத்தில், நெல் நாற்றுக்கு உப்புத் தண்ணீர் விட்டு, எது தாங்குகிறது என்று குறித்துவைக்கும் வேலை. தொட்டியில் கறிவேப்பிலை வைத்துக் கொன்றவர்களே, நீங்களும் நம்ம ஆள்தான்.

கைக்குட்டையில் வந்த நெல்

நேசமணி அண்ணன் தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து விவசாயி. போன மழைக்குக் கடல்தண்ணீர் காயல் வழியாக ஏறி அவர் வயலை அழித்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் நெல் தப்பியிருக்கிறது. அந்த விதையில் பாதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, தம்பானூரில் பஸ் இறங்கி, வெயிலில் நடந்தே வந்துவிட்டார். தப்பியது விதையின் குணமா, இல்லை அந்த மூலையில் உப்புதான் குறைவா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"இது உப்புல நின்னா நெல்லு நடுவேன் சாரே, இல்லைன்னா தென்னம்பிள்ளைதான்."

செல்வியின் இரக்கம்

அந்த விதையை முளைக்கவைத்து உப்புத் தட்டில் வைத்த நான்காம் நாள் நாற்று வாடத் தொடங்கியது. கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் செல்வி போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். வாடின செடியைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டாள். சோதனை பாழ். ஆத்திரத்தில் நாற்றையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் வீசினேன். புத்தி பிறகுதான் வந்தது.

போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் ஒரு வார்த்தை திட்டாமல் மீதி நெல்லையும் கொண்டுவந்து தந்தார். இனி அவரிடம் ஒரு மணி நெல்கூடக் கிடையாது. இந்தத் தட்டைத் தொடவே கூடாது என்று செல்வியிடம் கண்டித்துச் சொன்னேன். செல்வி அசரவே இல்லை.

"பச்சப்புள்ளைக்கு யாராச்சும் உப்புத் தண்ணி குடுப்பாங்களா சார்?"

குருத்து

மறுபடி உப்பு வைத்த பத்தாம் நாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து வரிசையில் வைத்த சாதாரண ரகம் படுத்துவிட்டது. அண்ணன் நாற்றிலும் கீழ் இலையெல்லாம் சருகு. நோட்டில் 'போச்சு' என்று எழுதிவிட்டேன். முடிவு கேட்க வந்த அண்ணன் குனிந்து சருகை விரலால் ஒதுக்கினார். உள்ளே பச்சைப் பசேலென்று குருத்து. ஒன்றிரண்டில் இல்லை, வரிசை முழுக்க!

ஆராய்ச்சி மேடம் வந்து பார்த்தார். உப்பையெல்லாம் பழைய இலைக்குத் தள்ளி, அதைக் காயவிட்டு, குருத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்றார். குழம்பில் உப்பு கூடினாலே சாப்பாட்டைத் தள்ளிவிடுகிற எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஒரு சாண் உயரமில்லை, அதற்குள் என்ன காரியம் செய்திருக்கிறது! இதை மடியில் வைத்தே ஊருக்குக் கொண்டுபோவேன், நெல்லுதான் நடுவேன் என்று அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ ஒரு சந்தேகம். உப்பு அளக்கும் மீட்டரைத் தட்டுத் தண்ணீரில் முக்கினேன். உப்பு அப்படியே இருந்தது. ஆனாலும் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன்.

"இந்தத் தடவ நான் ஊத்தல சார், அதுங்களாவே பொழச்சிருக்கு."

சம்பளத்துக்கு உப்பு ஊற்றிய நாற்று பிழைத்துவிட்டது. ஆசையாக நல்ல தண்ணீர் ஊற்றும் என் வீட்டுக் கறிவேப்பிலைதான் இன்னும் பிழைக்கிற வழியாக இல்லை.