ரேவதி என்று கூப்பிட்டவர்

சேலத்திலிருந்து வேலைக்காகப் பெசன்ட் நகருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. முதல் ஞாயிறு குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். மீன் விற்ற அம்மா என்னைப் பார்த்ததும், "இன்னா ரேவதி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"நான் ரேவதி இல்லம்மா."

அவர் காதில் வாங்கவே இல்லை. வாராவாரம் இதே கதை. பக்கத்துக் கடைக்காரர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒருநாள் கடலோரம் நடக்கையில் பின்னாலிருந்து "ரேவதி!" என்று குரல். யோசிக்காமல் திரும்பிவிட்டேன். அந்த அம்மா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு அம்மா கூப்டப்ப ஏன்டி திரும்பல? அலை இட்டுக்கினு போச்சே!"

ஈரமே இல்லாத என் தலையை முந்தானையால் அழுந்தத் துவட்டினார். எனக்கு விலகத் தோன்றவில்லை. சென்னையில் என்னைத் தொட்ட முதல் கை அதுதான்.