குப்பை மூட்டையிலிருந்து வெள்ளிமலைக்கு ஒரு பெடல்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கல்வராயன் மலை ஏறியது அருவி பார்க்க அல்ல. ஒரு சைக்கிள் பெடலுக்காக. களமருதூர் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் அக்கா வேலை செய்கிறாள். கார்பன் இழையும் சூட்டில் உருகும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த தகடுகளை அங்கே வெட்டுவார்கள். மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாக லாரியில் குப்பைக் குழிக்குப் போகும். வெட்டியாய்ப் போகிற துண்டு என்றால் வெட்டிப்பயலான எனக்குப் பாசம் வராதா?

அதை நறுக்கி, அச்சில் போட்டு, உருக்கி அழுத்தினால் புதுப்பொருள் வரும் என்றாள் அக்கா. முதலாளி நம்பவில்லை. "ஒரு பெடல் செய். ஒன் தம்பி வெள்ளிமல ஏறி எறங்கட்டும். ஒடையலன்னா மூட்ட உனுக்கு. ஒடஞ்சா திங்கக்கெழம லாரில ஏத்திடுவேன்."

முதல் இரண்டு பெடல்களும் அப்பளமாய் வளைந்தன. இட்லி வெந்ததா என்று மூடியைத் திறக்கும் பழக்கத்தில், அச்சு ஆறும் முன்பே நான் திறந்து பார்த்ததுதான் காரணம். அழுத்தத்திலேயே ஆற வேண்டுமாம். மூன்றாவதற்கு அக்கா என்னை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். அது வளையாமல் வந்தது.

காலை 6.10 பேருந்து. எனக்கு 20 ரூபாய், கூரையில் சைக்கிளுக்கு 20. எலவனாசூர்கோட்டையில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல், பேருந்து நின்றுவிட்டது. சைக்கிளை இறக்கினேன்.

"இன்னாடா, எங்க போய்க்கினு கீற?" என்றார் கொடி பிடித்திருந்த ஒருவர்.

"பெடலுக்குப் பரீட்சண்ணா."

"எங்களுதும் பாஸாவணும்னு வேண்டிக்கினு போ," என்று வழிவிட்டார்.

மிதித்தே கள்ளக்குறிச்சி தாண்டி, மலையடிவாரக் கச்சிராயபாளையம் சேர 11.30. முதலாளி பைக்கோடு காத்திருந்தார். அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். மலைப்பாதையில் எழுந்து நின்று மிதித்தேன். பாதி ஏற்றத்தில் 'டக்'.

"சொன்னேன்ல? குப்ப குப்பதான்டா," என்றார் முதலாளி. இரண்டு பெடலும் கறுப்பு. அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தேன்.

"ஒடஞ்சது கடையில வாங்கனதுங்க. நூத்தி இருவது ரூபா. நம்முளுது இந்தப் பக்கம்."

அவர் குனிந்து தடவிப் பார்த்தார். இடது காலை வெறும் கம்பியில் ஊன்றி, வலது பெடலை நம்பியே 2.40க்கு வெள்ளிமலை. மாலைக்குள் இறங்கியும் விட்டேன். பெடலில் ஒரு கீறல்கூட இல்லை.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஏறுங்கள், இரண்டு பாட்டில் தண்ணீர், இறக்கத்துக்கு நல்ல பிரேக் கட்டை. எதையும் ஆறும்முன் திறக்காதீர்கள். அது அச்சுக்கும் பொருந்தும், முதலாளியிடம் வாய் திறப்பதற்கும் பொருந்தும்.

திங்கட்கிழமை லாரி வந்தது. மூட்டைகளின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். முதலாளியே லாரிக்காரரிடம் போய்ச் சொன்னார்: "இன்னிக்கு ஒண்ணும் இல்லப்பா, கெளம்பு."