அம்மா தைத்த தலைவர்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்து, ஜேர்மனியில் பத்து வருடம் உணவகச் சமையலறைகளில் உழைத்து, பிறகு லண்டன் சட்டனில் ஒரு தையல் மெசினோடு குடியேறியவர் எங்கள் அம்மா. பட்ட கஷ்டங்களைக் கேட்டால், "அதை விடு பிள்ளை" என்பார். ஆனால் ஒருவர் ஏன் அப்படி உடுத்தியிருக்கிறார் என்று ஆராயத் தொடங்கினால் அவரை நிறுத்த முடியாது.

சென்ற ஆண்டு நண்பர்கள் மோர்டனில் போட்ட அரசியல் நையாண்டி நாடகத்துக்கு அம்மாதான் உடையலங்காரம். வாக்குக் கேட்டு வரும் ஒரு தலைவரின் கதை அது. "தலைவர் எண்டு சனம் எதை வைச்சுக் கண்டுபிடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே மூன்று கலியாணங்களுக்குப் போனார். சாப்பாட்டைக்கூடக் கவனிக்கவில்லை. பெரிய மனிதர்களின் சால்வை ஏன் எப்போதும் வழுக்குகிறது? வழுக்கினால்தானே எல்லோரும் பார்க்க அதைத் தோளில் தூக்கிப் போடலாம்! கண்டுபிடித்த சந்தோஷத்தில் வழுவழுப்பான சாட்டினில் சால்வை தைத்தார். மேடையில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் அது விழுந்தது. தலைவருக்கு அதைப் பிடிக்கவே இரண்டு கையும் போதவில்லை. சபை வயிறு குலுங்கச் சிரித்தது.

அப்போதுதான் அம்மாவுக்குத் திக்கென்றது. ஊர்ச் சங்கத் தலைவரான எங்கள் அப்பா முன்வரிசையில் இருந்தார். இருபது வருடமாகச் சால்வையை அதே மாதிரித் தூக்கிப் போடுபவர். ஊரெல்லாம் தேடி அம்மா தைத்தது வீட்டிலிருந்தவரைத்தான்.

அப்பா அடுத்த கூட்டத்துக்குச் சால்வை இல்லாமல் போனார். "மனுசனை நோகடிச்சுப் போட்டன்" என்று அம்மா என்னிடம் அழுதார். அப்பாவிடம் கேட்கவும் பயம். பிறகு அம்மா நோயில் விழுந்தார்; அப்போதும் அதுவே அவரை அரித்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் கேட்டே விட்டார். "இஞ்சருங்கோ, அந்த நாடகத்தாலை என்னிலை கோவமோ?"

"கோவமோ? முதல் சிரிச்சதே நான்தான். என்ரை மனுசி தைச்சது எண்டு பக்கத்திலை இருந்தவைக்கும் சொன்னனான். உமக்குச் சொல்லத்தான் வெக்கமாய்க் கிடந்தது."

"அப்ப ஏன் சால்வை போடேல்லை?"

"போட்டால் எனக்கே சிரிப்பு வருகுதப்பா!"

அம்மா நோவையும் மறந்து சிரித்தார். மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

அம்மாவைத் தாங்கிப் பார்த்த தாதியருக்கும், சோறு கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளில் கூட நின்ற உறவுகளுக்கும், நாடக நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அம்மாவிடம் நான் கேட்பது மன்னிப்பு. அன்றே நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தச் சிரிப்பை நீங்கள் எப்போதோ சிரித்திருப்பீர்கள் அம்மா.

மகள்
சட்டன், லண்டன், 2009