அக்கா இடித்த சீயக்காய்ப் பொடி

முதலில் தலையணையில்தான் பார்த்தேன். ஒரு பிடி முடி. டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் நெடுங்காய்ச்சல்) விட்டு மூன்று மாதம் ஆகி, கஞ்சி மாறிச் சோறு இறங்கத் தொடங்கியிருந்த சமயம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் அது. சிதம்பரத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம்.

பத்தே நாளில் வகிடு அகன்று மண்டைத் தோல் தெரிந்தது.

வீட்டில் தலைக்குத் தேய்க்கும் பொடியை இடிப்பவர் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சீயக்காய், வெந்தயம், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த ஆவாரம்பூ. காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மட்டும் தனி டப்பா வைத்திருந்தார்.

ஏன் தனியாக?

“ஒன் சடையத் தூக்கவே ஒரு ஆள் வேணும்டி” என்று அவர் எப்போதோ சிரித்தது நினைவுக்கு வந்தது. இப்போது அது வேறு மாதிரி கேட்டது. பொடியை முகர்ந்தேன். வெட்டிவேர் வாசனைக்கு அடியில் ஏதோ காரம்.

அன்று முதல் பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வெறும் அரிசிக் கஞ்சியில் தலை அலசினேன். முடி நிற்கவில்லை. விஷம் ஏற்கெனவே ஊறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா போட்ட சோற்றையும் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன்.

கணவர் ரயிலில் கடலூருக்கு அழைத்துப் போனார். மடித்து வைத்திருந்த பொடிப் பொட்டலத்தை டாக்டரிடம் நீட்டினேன். விரலில் தேய்த்து முகர்ந்தார்.

“இதுல ஒண்ணுமில்லம்மா. காய்ச்சல்ல பட்ட அடி இப்பத்தான் முடிக்கு எட்டுது. வேரு சாவல, மறுபடி மொளைக்கும்.”

“நிச்சயமா சொல்றீங்களா?”

“பொடிய நிறுத்தி எத்தன நாளாச்சு?”

“ஒரு மாசம்.”

“கொட்டுறது நின்னுச்சா?”

பொட்டலத்தை மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அந்த டாக்டரையும் சந்தேகப்பட்டேன்.

கொட்டத் தொடங்கிய ஆறாம் மாதம் நெற்றியோரம் பூனைமுடி முளைத்தது. அன்றுதான் அக்காவிடம் போய் நின்றேன்.

“அக்கா, ஒங்க பொடிய நான்...”

“கொட்டுன. பாத்தேன். சளி புடிக்கக் கூடாதுன்னு ஒனக்கு மட்டும் சுக்கு சேத்திருந்தேன்.”

“ஏங்கா கேக்கல?”

“ஒடம்பு முடியாதவகிட்ட என்னத்தக் கேக்குறது?” என்றார். முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

காய்ச்சலுக்குப் பின் முடி உதிர்ந்து கலங்குபவர்களே, முடி வந்துவிடும். எனக்கு இடுப்பு வரை வந்துவிட்டது. உடம்புக்கு நேற்று நடந்தது இன்றுதான் தெரிகிறது. அதற்குள் நாம் யாரையாவது குற்றவாளி ஆக்கிவிடுகிறோம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அக்காதான் என் தலைக்குத் தேய்த்துவிடுகிறார். அவர் கை பட்டதும் என் கழுத்து ஒரு கணம் விறைக்கிறது. நான் சொல்லியும் கழுத்து கேட்பதில்லை. அந்த ஒரு கணம் அக்காவின் கையும் அப்படியே நிற்கிறது.