வலிக்காத கால்

சர்க்கரை நோயுள்ள என் கணவர், பிள்ளைகளோடு பொன்னூத்து மலை ஏறுவதற்காகவே ஆசையாகப் புது ஷூ வாங்கினார். பாதி வழியில், "ஏனுங்க, ஷூ கடிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"துளிகூட வலிக்கல அம்மணி. மெத்தையாட்ட இருக்குது" என்றார். நல்ல ஷூதான் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்து கழற்றினால், சாக்ஸெல்லாம் ரத்தம். ஷூவுக்குள் ஒரு கூர்மையான கல். அதை மிதித்துக்கொண்டேதான் மலையேறி இறங்கியிருக்கிறார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. புண் ஆறாமல், கடைசியில் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போவதென்றாலும், ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். திரும்பி வந்ததும் பாதத்தைப் பார்க்கிறேன். ஒரு நாளாவது "வலிக்குது அம்மணி" என்று சொல்லமாட்டாரா என்றிருக்கிறது.