உள்ளங்கைக்குள் இண்டிகேட்டர்

பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பும்போது சாரல் வலுத்தது. மழைக்கோட்டு போட ஒரு மாந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினேன். யாரோ ஓட்டித் தேய்த்த பைக்கை வாங்கியிருந்தேன். மறுபடி செல்ஃபை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. பொழுது வேறு சாய்ந்துவிட்டது. பேட்டரியைச் சோதிக்க எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்யப்போனேன். ஹாரன்மேல் வைத்த என் விரலை ஒரு கை பிடித்தது.

"அடிச்சிராதிய. தோப்புல ஆனை நிக்கு."

தோப்புக் காவல்காரர். ஒல்லி உடம்பு, தலையில் உரச்சாக்கு. பேச்சுக்கு நடுவே காற்றை மோந்து பார்த்தார். என் கால்கள் வெடவெடத்தன.

"ஓடிருவோமா, அண்ணாச்சி?"

"ஓடுனா தொரத்தும். சாவியத் திருப்புங்க."

இண்டிகேட்டரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, போடச் சொன்னார். விரலிடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம் விட்டுவிட்டுக் கசிந்தது.

"பேட்டரி நல்லாருக்கு."

குனிந்து சைடு ஸ்டாண்டைத் தடவினார். அதன் சுவிட்சில் சேறு அப்பியிருந்தது. ஸ்டாண்டை எடுத்தும், எடுக்கவில்லை என்றே நினைத்து வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்திருக்கிறது. துண்டால் துடைத்ததும் மீட்டரில் ஸ்டாண்டுக்கான சிவப்பு விளக்கு அணைந்தது. என் விரல் தானாகச் செல்ஃபுக்குப் போனது.

"இப்ப ஸ்டார்ட் ஆயிரும். அதான் இங்கன வேண்டாங்கேன். தள்ளுங்க."

வளைவு தாண்டும்வரை இருவரும் தள்ளினோம். அங்கே அழுத்தியதும் வண்டி உறுமியது. ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

"தோப்ப யாரு பாக்க?" என்று திரும்பி நடந்தார்.

யானையை நான் பார்க்கவேயில்லை. இண்டிகேட்டரைப் பொத்திய அந்தக் கையைத்தான் பார்த்தேன். அது என் கால்களைவிட மோசமாக வெடவெடத்துக்கொண்டிருந்தது.